ஆச்சாக் காம்பு

"நேற்று வந்தவனுக்கு இரும்பு. எனக்கு இன்னமும் சுள்ளிதானா, அம்மை?"

எல்லப்பன் கேட்டான்.

கிளியம்மை கீரைக்கட்டைப் பிரித்தாள். பெயர்தான் கிளி. பேச்சு ஆந்தைக் கணக்கு. எப்போதாவது ஒன்று, அதுவும் கேட்டவன் திடுக்கிடும்படி.

மலையடிவாரத்தில் இருந்த அந்த இடத்துக்குக் கோடாலி மடம் என்று பெயர். அங்கே காவி கிடையாது. மந்திரம் கிடையாது. வருகிறவன் காட்டுக்குள் போய்த் தனக்கென்று ஒரு மரம் பார்க்க வேண்டும். அதில் ஒரு கோடாலிக் காம்பு செதுக்கி அம்மையிடம் நீட்ட வேண்டும்.

அம்மை வாங்கிப் பார்ப்பாள். "யாருக்கு?" என்று கேட்பாள்.

காம்பும் பதிலும் சரியாக இருந்தால் பெட்டியைத் திறந்து ஓர் இரும்பை எடுத்து அதில் மாட்டிக் கொடுப்பாள். அன்றிலிருந்து அவன் சீடன்.

இரும்பு கிடைக்காதவன் சுள்ளி பொறுக்கலாம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பொறுக்கலாம். மலையில் சுள்ளிக்குப் பஞ்சமே இல்லை.

எல்லப்பன் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

ஊரில் அவன் கூத்தில் கட்டியங்காரன். ராஜா, பூசாரி, பஸ் கண்டக்டர், மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி, கிளம்ப மறுக்கும் பம்புசெட், எல்லாம் அவன் தொண்டைக்குள் குடியிருந்தன. வாசலில் நின்று தாசில்தார் குரலில் கூப்பிட்டு, மணியக்காரரை எண்ணெய்க் குளியலிலிருந்து துண்டோடு ஓடி வர வைத்தவன்.

"குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பே" என்று அவன் அம்மா திட்டுவாள். பெற்றவள் வாக்குப் பாதி பலித்தது. கோடாலிக்கு வழியில்லை, காம்பு மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தான்.

மலைச்சரிவில் இரண்டு மரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

ஒன்று ஆச்சா. மரத்தில் பிறந்த இரும்பு. தண்ணீரில் போட்டால் கல்லைப் போல மூழ்கும். கறையான் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு வீடு பார்க்கப் போய்விடும். உளி வைத்தால் உளிதான் மழுங்கும். ஆச்சாவுக்கு வாய் இருந்தால் ரிட்டயர்டு ஏட்டு மாதிரி பேசும் என்று எல்லப்பன் செய்து காட்டுவான்: "யார்யா அது? கைய எடு."

இன்னொன்று தடசு. வெளுத்த கட்டை. வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். காவடித் தண்டுக்கு அதைத்தான் தேடுவார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பழம், நாக்கில் வைத்தால் புளிப்பு. தடசு பேசினால் கல்யாணத் தரகர்: "ஆகட்டுங்க. பாத்துக்கலாங்க. நீங்க சொன்னாச் சரிங்க."

எல்லப்பன் எதை எடுத்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை அவன் ஆச்சாக் காம்பை நீட்டியபோது அம்மை வாங்கினாள்.

"யாருக்கு?"

"எல்லாம் தங்களுக்குத்தான், தாயே." பூசாரி குரல், கர்ப்பூர வாசனையோடு.

அம்மை காம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த தடவை, மடத்துக்கு என்றான். திரும்பி வந்தது. அதற்கடுத்து, ஆண்டவனுக்கு என்றான், ராஜ வேஷத்துக் குரலில், அடுக்களை ஓடு அதிரும்படி. அதுவும் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் காம்பு இன்னும் வழவழப்பானது. கடைசியில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது.

அப்புறம் பூங்காவனம் வந்தான்.

பஸ் ஸ்டாண்டில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன். முறம் மாதிரி உள்ளங்கை. எதற்குத் தடசை எடுத்தாய் என்று கேட்டால், பாதையோரமாக இருந்தது என்றான். அவன் செதுக்கியது நடுவில் கொஞ்சம் கோணல். அடியில் ஒரு மேடு.

"யாருக்கு?"

"எனக்குத்தாங்கம்மா. சோறாக்க வெறகு வேணும்ல?"

பெட்டி திறந்தது.

எல்லப்பன் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு பற்றிக்கொண்டது. அதற்குச் சுள்ளியே தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து அவன் கண் வேறு வேலை பார்க்கவில்லை. அம்மை பூங்காவனத்தின் தட்டில் கரண்டியைக் கவிழ்க்கும்போது கொஞ்சம் தட்டினாளா? தட்டினாள். தன் தட்டில்? தட்டவில்லை. பூங்காவனம் தும்மினால் அம்மை நிமிர்ந்து பார்த்தாள். இவன் அதே தும்மலை, அதைவிட நல்ல தும்மலாகத் தும்மிக் காட்டினான். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பூங்காவனம் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அவனோ, "எல்லப்பண்ணே, உங்க கட்டு எளப்பா இருக்குண்ணே" என்று சொல்லித் தான் பிளந்த விறகில் நாலைந்தை எடுத்து இவன் சுள்ளிக் கட்டுக்குள் செருகிவிடுவான்.

அந்த விறகை எல்லப்பன் வழியிலேயே ஓடையில் வீசினான்.

பூங்காவனம் மரம் பிளக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள். பாம்பு, பாம்பு என்று ஒரு பெண் குரல். மாஸ்டர், ரெண்டு முட்டை வீச்சு என்று ஒரு டிரைவர் குரல். ஆரம்பத்தில் அவன் துள்ளித் திரும்பினான். போகப் போக, எந்தக் குரல் கேட்டாலும் அது எல்லப்பண்ணன்தான் என்று முடிவு கட்டி, திரும்புவதையே விட்டுவிட்டான். சிரித்துக்கொண்டே பிளப்பான்.

அதுவும் எல்லப்பனுக்கு எரிந்தது.

அதனால்தான் இன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டான்.

அம்மை எழுந்தாள். எல்லப்பனின் ஆச்சாக் காம்பை எடுத்துவரச் சொன்னாள். கூரையில் செருகியிருந்த ஒரு தடசுக் கம்பை உருவினாள். இரண்டையும் அவன் கையில் கொடுத்தாள்.

முற்றத்துப் பாறையைக் காட்டினாள்.

"அடி."

ஆச்சாவை ஓங்கி அடித்தான். ணங். கையில் தொடங்கிய வலி முழங்கையில் நிற்கவில்லை. தோளுக்கு ஏறி, கழுத்தைச் சுற்றி, கடைவாய்ப் பல்லில் போய் உட்கார்ந்தது.

"அடி எங்க போச்சு?"

"பல்லுக்கு, அம்மை."

"இப்ப அத."

தடசை ஓங்கி அடித்தான். தொப். கம்பு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து அடங்கியது. கையில் ஒன்றுமில்லை.

"அடி எங்க போச்சு?"

எல்லப்பன் யோசித்தான். "தெரியலையே."

"யோசி."

அம்மை போய்விட்டாள்.

எல்லப்பன் யோசித்தான். நன்றாகவே யோசித்தான். பாறையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை யோசித்தான். சாயும்போது அவன் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அதை ஞானம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பூங்காவனத்தின் கோடாலியில் தடசுக்குப் பதில் ஆச்சா இருந்தால் என்ன ஆகும்?

அடி பல்லுக்குப் போகும். அவ்வளவுதானே! இரண்டு நாளில் பரோட்டா மாஸ்டர் கையை உதறிக்கொண்டு, எனக்கு இந்தக் கோடாலி ஆகாதும்மா என்று இரும்பைத் திருப்பிக் கொடுப்பான். பெட்டிக்குள் ஓர் இரும்பு சும்மா கிடக்கும்.

மறுநாளே எல்லப்பன் ஓடைக்கு மேலே இருந்த குகையில் வேலையை ஆரம்பித்தான்.

ஆச்சாவில் செய்ய வேண்டும். ஆனால் பார்த்தால் தடசாகத் தெரிய வேண்டும். அதுவும் பூங்காவனத்தின் தடசாக. அதே கோணல். அடியில் அதே மேடு.

சும்மா பார்த்தால் வரவில்லை. பூங்காவனம் குளிக்கப் போகும்போது அவன் கோடாலியை எடுத்துத் தடவிப் பார்த்தான். விரல் பதியும் மூன்று பள்ளம் ஆழமாக இருந்தது. நான்காவது இடத்தில் பள்ளமே இல்லை. ஏன்?

சாப்பிடும்போது உற்றுப் பார்த்தான். பூங்காவனத்தின் வலது சுண்டுவிரல் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தது. கட்டைவிரலின் பக்கவாட்டில் பரோட்டாக் கல் சுட்ட தழும்பு. அந்த இடத்தில் அவன் அழுத்திப் பிடிக்க மாட்டான். அதனால்தான் காம்பு அங்கே தடித்திருக்கிறது. கோணல் என்று எல்லப்பன் சிரித்தது கோணல் இல்லை. அந்தக் கைக்கு அதுதான் நேர்.

எல்லப்பன் கூத்துக்காரன். வேஷம் கட்டாமல் அவனுக்கு எதுவும் வராது. குகைக்குள் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றான். பூங்காவனம் மாதிரிக் காலை அகட்டினான். பூங்காவனம் மாதிரி ஓங்குமுன் ஹ்ம்க் என்றான். செதுக்கினான். பிடித்துப் பார்த்தான். மறுபடி செதுக்கினான்.

உளி மழுங்கியது. அரத்தால் ராவினான். அரம் சோர்ந்தது. உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது. ஒரு நாள் கஞ்சிக்குப் போகவே மறந்துவிட்டான். யாருக்கு எத்தனை கரண்டி விழுந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. கனம்.

ஆச்சா காட்டிக் கொடுத்துவிடும். கையில் எடுத்ததுமே, இது நான்தான்யா என்று ஏட்டுக் குரலில் சொல்லிவிடும். ஆகவே காம்பின் இடுப்பில் சுரண்டினான். இன்னும் சுரண்டினான். கழுத்தில் சுரண்டினான். கனம் குறைந்தது. அப்புறம் சுண்ணாம்பும் துளி மஞ்சளும் குழைத்துத் தேய்த்து, எண்ணெய் பூசினான்.

தூக்கிப் பார்த்தான். அவனுக்கே புல்லரித்தது. பூங்காவனத்தைப் பெற்றவளே வந்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் பூங்காவனம் சாப்பிட்டுவிட்டு வேப்பமர நிழலில் குறட்டை விட்டபோது, எல்லப்பன் இரும்பைக் கழற்றி மாற்றினான். தடசுக் காம்பைத் தன் சுள்ளிக் கட்டுக்குள் சொருகி ஒளித்தான். முற்றத்துக்குப் பின்னால் இருந்த பாறை மறைவில் போய் உட்கார்ந்துகொண்டான். சிரிப்பை அடக்க வாயில் துண்டு.

வெயில் தாழ்ந்ததும் பூங்காவனம் எழுந்து வந்தான். ஒரு புளியங்கட்டையை நிறுத்தினான். எதிரே, கொஞ்சம் தள்ளி, அம்மை முறத்தோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ஹ்ம்க்.

ணங்.

பூங்காவனத்தின் முகம் ஒரு பக்கமாக இழுத்தது. கையை உதறினான். தாடையைத் தடவினான். எல்லப்பன் துண்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினான்.

சட்டென்று குலுக்கல் நின்றது.

அந்த ணங்குக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. மிகச் சின்னது. ட்சிக். முறத்தில் ஒரு கீரைக்காம்பு ஒடிவது போல. வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. ஊர்க் குரலையெல்லாம் பொறுக்கிச் சேர்த்த காது அது. அந்தக் காம்பைச் சுரண்டிச் சுரண்டி மெலிய வைத்த கையும் அவனுடையதுதான்.

தடசு மெலிந்தால் வளையும்.

ஆச்சாவுக்கு வளையத் தெரியாது.

அடுத்த ஓங்கலில் காம்பின் கழுத்து முறியும். இரும்பு பறக்கும். எந்தத் திசையில் என்று எல்லப்பன் பார்த்தான். அங்கே அம்மை கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

பூங்காவனம் மறுபடி கோடாலியைத் தூக்கினான்.

கத்தினால் திரும்ப மாட்டான். சிரித்துக்கொண்டே போடுவான். அப்படித்தான் எல்லப்பனே பழக்கி வைத்திருந்தான். அவன் ஓங்கியதைக் கீழே வைக்கச் செய்ய இந்த மலையில் ஒரே ஒரு குரல்தான் உண்டு. அந்த ஒரு குரலை மட்டும் எல்லப்பன் இதுவரை பேசிப் பார்த்ததில்லை. பயம்.

"பூங்காவனம். கீழ வை."

கிளியம்மையின் குரல். தாழ்ந்தது, அவசரமில்லாதது, இரண்டாம் தடவை சொல்லாதது.

பூங்காவனம் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். அம்மையின் வாய் அசைந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

அம்மை கீரையை உருவி முடித்தாள்.

"என் குரல் இவ்ளோ நல்லாவா இருக்கு?" என்றாள். "வெளிய வா, எல்லப்பா."

வந்தான். துண்டு இன்னும் கையில் இருந்தது.

அம்மை கோடாலியை எடுத்தாள். காம்பைப் பாறை விளிம்பில் சாய்த்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினாள். பட். முறிந்தது. சிலும்பு இல்லை, நார் இல்லை. வெல்லக்கட்டி உடைந்தது போல நேராக முறிந்தது. வெள்ளைப் பூச்சுக்குள்ளிருந்து கருஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. இரும்பு உருண்டுபோய் முறத்தைத் தொட்டு நின்றது.

பூங்காவனம் அந்த இரும்பைப் பார்த்தான். முறத்தைப் பார்த்தான். அம்மை உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். அவனுக்கு வியர்த்தது.

அம்மை முறிந்த அடிப்பாதியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று பள்ளத்தையும் விரலால் தொட்டாள்.

"இது யாருக்கு?"

எல்லப்பன் தலை குனிந்தான். "பூங்காவனத்துக்கு."

"அவன் கை எப்படி இருக்கும்?"

எல்லப்பன் சொன்னான். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. சுண்டுவிரல் மடங்காது என்றான். கட்டைவிரலில் தழும்பு இருப்பதால் பிடி உள்ளே வாங்கும் என்றான். ஓங்கும்போது இடது கை நழுவி வரும், அதற்காகத்தான் அடியில் மேடு என்றான். காலையில் பிடி இறுக்கமாக இருக்கும், சாயங்காலம் தளரும், மழை நாளில் சுண்டுவிரல் வலிக்கும், ஆனால் சொல்ல மாட்டான் என்றான்.

பூங்காவனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"மழைக்கு வலிக்கறது எங்க வீட்டுக்காரிக்கே தெரியாதுண்ணே," என்றான்.

திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். முறம் மாதிரி உள்ளங்கை.

"உன் தடசு என் சுள்ளிக் கட்டுல இருக்கு," என்றான் எல்லப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. பூங்காவனம் போய்க் கட்டைப் பிரித்து, குனிந்து தேட ஆரம்பித்தான்.

அம்மை பாறையோரம் கிடந்த எல்லப்பனின் பழைய காம்பை எடுத்தாள். முகம் பார்க்கும் அந்தக் காம்பை. மேலிருந்து கீழ்வரை ஒரே வழவழப்பு. ஒரு மேடு இல்லை. ஒரு பள்ளம் இல்லை. எந்தக் கையும் அதற்குள் போய் வந்த அடையாளம் இல்லை.

"இது யாருக்கு?"

"தங்களுக்..."

"அது பூசாரி."

எல்லப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "அகில லோகமும்..."

"அது ராஜா."

"அடியேனுக்கு என்ன தெரியுங்க, நீங்க பாத்து..."

"அது தடசு."

எல்லப்பன் நிமிர்த்திய நெஞ்சை இறக்கினான்.

"எல்லாரு மாதிரியும் பேசறியே," என்றாள் அம்மை. "எல்லப்பன் மாதிரிப் பேசு."

வாயைத் திறந்தான். தாசில்தார் முண்டியடித்தார். கண்டக்டர் விசில் ஊதினார். ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்தது. ஒவ்வொருவராக வந்து, அம்மையின் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். பம்புசெட் கடைசியாகப் போனது.

தொண்டை காலியானது.

உள்ளங்கை எரிந்தது. அதைத் திருப்பிப் பார்த்தான். கொப்புளம் உடைந்த மூன்று இடங்கள் பூங்காவனத்தின் விரல் இடைவெளியில் இருந்தன. மற்றபடி அது யார் கை என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது ஒரு குரல் வந்தது. மேடைக்கு ஆகாத குரல். ஒல்லியாக, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்து.

"எனக்கு. எனக்கு வேணும், அம்மை."

சுள்ளிக் கட்டின்மேல் குனிந்திருந்த பூங்காவனம் சடாரென்று திரும்பினான். பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். வேப்பமரத்தடியைப் பார்த்தான். எல்லப்பண்ணன் குரல் எல்லாமே அவனுக்கு மனப்பாடம். இது அதில் இல்லை.

"யாரும்மா அது? புதுசா யாராச்சும் வந்திருக்காங்களா?"

"ஆமா," என்றாள் அம்மை. "இப்பத்தான் வந்தான். கூட்டிட்டுப் போய் மரத்தக் காட்டு."